ஒன்பது மணிக்கு மூடும் தாள்

மார்ச் 18, செவ்வாய்க்கிழமை.

இன்றைய சிறு தவறு: ஒன்பது மணிக்கு மூடும் தாளில் கையெழுத்துப் போட ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்குப் போனேன். காரணம்: காலைக்கூட்டம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். இந்த மூன்று வருடத்தில் அது ஒரு நாள்கூட ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. அது தெரிந்திருந்தும் அப்படி நினைத்தது இரண்டாவது தவறு.

இவ்வளவையும் எழுதிய ஹொனாமி, ‘சிறு’ என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடித்துவிடலாமா என்று தோன்றியது. நோட்டில் அடித்தல் திருத்தல் இருந்தால் அதற்கும் ஒரு விளக்கம் எழுத வேண்டும் என்பது அவளே தனக்கு வைத்துக்கொண்ட விதி. அப்படியே விட்டுவிட்டாள்.

மாலை ஆறு மணி. மருகாமே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சிறிய விடுதியின் சலவை அறையில், இரண்டு நாள் வியர்வைத் துணிகள் இயந்திரத்துக்குள் சுழன்றுகொண்டிருந்தன. எதிர் பெஞ்சில் மிச்சிரு மணிக்கட்டில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு, கையடக்க டப்பாவிலிருந்து அரிசி உருண்டை தின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் இருபத்திரண்டு வயது. பள்ளிக்கூடப் போட்டிகளிலிருந்தே பழக்கம். செலவு குறையும் என்று போட்டிக்குப் போகும் ஊரெல்லாம் ஒரே அறையில் தங்குவார்கள்.

“இன்னும் எழுதி முடிக்கலையா? மன்னிப்புக் கடிதமா அது, டைரியா?” என்றாள் மிச்சிரு.

“ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல.”

“எனக்கு ஒண்ணுதான்டி புரியல. மேஜை உன் கண்ணுக்கு முன்னாடி இருந்துச்சு. பேனா மேஜை மேல இருந்துச்சு. நீ என்ன பண்ணிட்டு இருந்தே?”

“குனிஞ்சுக்கிட்டு இருந்தேன்.”

“யாருக்கு?”

“போனுக்கு.”

மிச்சிரு அரிசி உருண்டையை வாயிலேயே வைத்துக்கொண்டு சிரித்தாள். ஹொனாமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் உண்மையில் அதுதான் நடந்தது.

ஹொனாமி, மினாமிசாவா அட்டைப்பெட்டி நிறுவனத்தின் ஆட்டக்காரி. சம்பளப் பட்டியலில் அவள் பெயர் உண்டு, சட்டைக் கையில் நிறுவனத்தின் பெட்டிச் சின்னம் உண்டு. மாதத்தில் நான்கு நாள் அலுவலகத்தில் உட்கார வேண்டும், மற்ற நாளெல்லாம் டென்னிஸ். மூன்று வருட ஒப்பந்தம் இந்த மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. அதை நீட்டிக்க நிறுவனம் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: தேதிக்குள் ஏதாவது ஒரு சர்வதேசப் போட்டியின் முதன்மைச் சுற்றில் ஒரு வெற்றி. தகுதிச் சுற்று வெற்றிகள் கணக்கில் வராது. வெற்றி இல்லையென்றால் ஏப்ரல் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு விற்பனைப் பிரிவில், சாம்பல் நிறக் கோட்டுடன் போய் நிற்க வேண்டும். அதற்காக இப்போதே அவளை வாரம் இரண்டு மாலை, வாடிக்கையாளரிடம் பேசும் முறை சொல்லித்தரும் வகுப்பில் சேர்த்தும் விட்டார்கள். “சும்மா ஒரு முன்னேற்பாடுதான், மனசுல வச்சுக்காதீங்க” என்றார் பொது நிர்வாகப் பிரிவுத் தலைவர் முராசே. மனதில் வைக்காமல் வேறு எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் மாதத்தின் கடைசிப் போட்டி இந்த மருகாமே போட்டிதான். தகுதிச் சுற்றில் இரண்டு ஆட்டம் வென்று, திங்கட்கிழமை மூன்றாவதில் தோற்றாள். மூன்றாவது செட்டில் ஐந்துக்கு நான்கு என்று முன்னால் இருந்தபோது, அடுத்தடுத்து இரண்டு டபுள் ஃபால்ட். அதற்கு நோட்டில் நான்கு பக்கம் இருக்கிறது.

தோற்றாலும் ஒரு சந்து திறந்திருந்தது. முதன்மைச் சுற்றில் யாராவது காய்ச்சல், கால்வலி என்று கடைசி நேரத்தில் விலகினால், தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்களில் தரவரிசையில் மேலே இருப்பவருக்கு அந்த இடம் கிடைக்கும். லக்கி லூசர் என்பார்கள். தோற்றவர்களில் ஹொனாமிதான் மேலே. ஆனால் அதற்கு ஒவ்வொரு நாளும் காலை எட்டரையிலிருந்து ஒன்பதுக்குள், நடுவர் அறை வாசலில் இருக்கும் தாளில் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். முதல் சுற்று செவ்வாய், புதன் இரண்டு நாளும் நடக்கும். ஆக, இரண்டே இரண்டு தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பயிற்சி எட்டே முக்காலுக்கு முடிந்தது. மணல் தூவிய செயற்கைப் புல் தரை. ஆடி முடித்தவர் தும்பு விளக்குமாறு கட்டிய பலகையை இழுத்துக் கோர்ட் முழுக்க மணலைச் சமன் செய்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். அடுத்துக் காத்திருந்தவர்கள் வயதில் மூத்த ஆட்டக்காரிகள், அதனால் கோடுகளையும் ஒரு முறை கூட்டிவிட்டாள். எட்டு நாற்பத்தொன்பது. நடுவர் அறை வாசலுக்கு ஓடி வந்தபோது கைப்பேசி அதிர்ந்தது. எட்டு ஐம்பதுக்குக் காலைக்கூட்டம்.

போட்டி நாட்களில் அவள் காலைக்கூட்டத்தில் போன் வழியாக ஒரு நிமிடம் பேச வேண்டும். இது ஒப்பந்தத்தில் இல்லை. முதல் வருடம் ஒரு முறை தானாகவே பேசினாள். ‘எல்லோருக்கும் உற்சாகமாக இருந்தது’ என்றார்கள். அத்தோடு அது வழக்கமாகிவிட்டது. தொழிற்சாலை முற்றத்தில் நூற்று நாற்பது பேர் வரிசையாக நிற்பார்கள், முராசே தன் கைப்பேசியை ஒலிபெருக்கிக்கு முன்னால் பிடிப்பார்.

“ஹொனாமி-சான், ஒரு நிமிஷம் இருங்க. இன்னிக்கு வானொலி உடற்பயிற்சி கொஞ்சம் லேட்டா ஆரம்பிச்சிருக்கு.”

“முராசே-சான், நான் பத்து நிமிஷம் கழிச்சு...”

“இதோ, முடிஞ்சிடும். கையை மேல தூக்குறாங்க.”

உடற்பயிற்சிக்கான வானொலிப் பியானோ இசை காதுக்குள் டிங் டிங் என்று ஒலித்தது. கையை மேலே தூக்கினார்கள். பக்கவாட்டில் சாய்ந்தார்கள். குதித்தார்கள். ஹொனாமி நடுவர் அறை மேஜையிலிருந்து பன்னிரண்டு அடி தூரத்தில் நின்றாள். நடுவர் அறைக்கு முன்னால் போன் பேசக்கூடாது என்று பலகை இருந்ததால் அதற்கு மேல் கிட்டே போக முடியவில்லை. உடற்பயிற்சி முடிந்தது. நிறுவனத்தின் ஐந்து உறுதிமொழிகள். பசைப் பிரிவில் தரை வழுக்குகிறது என்ற எச்சரிக்கை. பிறகு, “இப்போது மருகாமேயிலிருந்து...”

அவள் பேசினாள். நேற்று தோற்றதற்கு மன்னிப்புக் கேட்டாள். முற்றத்தில் நூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தாள். நிமிர்ந்தாள். தொழிற்சாலை மேலாளர் நன்றி சொன்னார். மறுபடி குனிந்தாள். நிமிர்ந்தபோது தலைமை நடுவர் ஒகானோ தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒகானோவுக்கு ஐம்பது வயதிருக்கும். தலைமுடியை ஒட்ட வெட்டிய பெண்மணி. கழுத்தில் எப்போதும் ஒரு விசில்.

“ஒன்பது நாலு” என்றார் அவர், கடிகாரத்தைப் பார்க்காமலே.

“நான் இங்கேதான் நின்னுட்டு இருந்தேன். எட்டு அம்பதிலிருந்து.”

“பார்த்தேன்மா. சுவத்துக்கு ரெண்டு தடவை வணக்கம் வச்சீங்க. தாள்ல வைக்கலையே.”

பதினொன்றரைக்கு ஒரு ஆட்டக்காரி தோள்வலி என்று விலகினாள். அந்த இடம், தரவரிசையில் ஹொனாமிக்கு நாற்பது இடம் கீழே இருக்கும் சுசுனே என்ற பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் போனது. எதிராளிக்கு அன்று எதுவும் ஓடவில்லை. சுசுனே ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று என்று ஐம்பத்தெட்டு நிமிடத்தில் ஜெயித்துவிட்டு, வெளியே வந்து ஹொனாமியைப் பார்த்ததும் மன்னிப்புக் கேட்டாள். ஹொனாமியும் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டாள். எதற்கு என்று இருவருக்கும் தெரியாது.

இரண்டு மணிக்கு முராசேயிடமிருந்து செய்தி வந்தது: ‘காலைப் பேச்சு அருமை. பசைப் பிரிவினர் மனம் நெகிழ்ந்தனர்.’

இதையெல்லாம் சலவை அறையில் கேட்டு முடித்த மிச்சிரு, பனிக்கட்டிப் பையை அவிழ்த்தாள்.

“அவர்கிட்ட சொன்னியா, உங்க உடற்பயிற்சியால என் இடம் போச்சுன்னு?”

“எப்படிச் சொல்றது? சொன்னா அவர் மேல பழி போட்ட மாதிரி ஆயிடும்.”

“பழி அவர் மேலதானே!”

“தாளைப் பார்த்துட்டே நின்னது நான்.”

“ஐயோ, உன்னோட பேசுறதுக்குச் செவுத்தோட பேசலாம். நாளைக்கு எட்டரைக்கு முதல் ஆளா போய் நில்லு. ஒண்ணு சொல்லட்டுமா? நாளைக்கு என் பக்கத்துக் கட்டத்துல ஆடுற எவளாவது விலகி, நீ உள்ள வந்து ஜெயிச்சேன்னு வை, வியாழக்கிழமை உனக்கு எதிர்ல நான்தான்.” மிச்சிரு அன்று காலையே தன் முதல் சுற்றை வென்றிருந்தாள்.

“அதுக்குள்ள என்ன கனவு.”

“கனவு இல்ல. யாருக்கு யாருன்னு போட்டிருக்கிற கட்டத்தைப் பார்த்தேன். நான் எல்லாத்தையும் பார்க்கிறவ. நீ குனிஞ்சு தரையைப் பார்க்கிறவ.”

புதன்கிழமை காலை எட்டு இருபதுக்கே ஹொனாமி நடுவர் அறை வாசலில் நின்றாள். பயிற்சியை ஏழு மணிக்கே முடித்திருந்தாள். எட்டரைக்கு ஒகானோ தாளை வைத்தார். ஹொனாமி பெயரை எழுதி, கையெழுத்துப் போட்டு, நேரத்தையும் எழுதினாள்: 8.30. பிறகு சரியான கட்டத்தில்தான் போட்டிருக்கிறோமா என்று மறுபடி பார்த்தாள்.

“சரியாத்தான் இருக்கு” என்றார் ஒகானோ. “இனிமே எத்தனை சுவத்துக்கு வேணாலும் வணக்கம் வைங்க. ஆனா கூப்பிட்டா அஞ்சு நிமிஷத்துல கோர்ட்டுக்கு வந்தாகணும்.”

எட்டு ஐம்பதுக்குக் காலைக்கூட்டம் ஒழுங்காக நடந்தது. குறை எதுவும் இல்லை. அதுதான் ஹொனாமிக்குச் சந்தேகத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

பத்தரைக்கு அரங்கத்தின் கார் நிறுத்தத்தில் ஒரு சிறிய பஸ் வந்து நின்றது. முதலில் முராசே இறங்கினார். ஐம்பத்தாறு வயது, ஒல்லியான உடம்பு, சட்டைப் பையில் மூன்று பேனா. அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர், எல்லோரும் நீல நிற மேலங்கியில், கையில் தட்டி ஒலியெழுப்பும் பிளாஸ்டிக் குழல்களுடன். கடைசியாக, எட்டாக மடித்த துணிப் பதாகையைச் சுமந்துகொண்டு பொதி கட்டும் பிரிவின் நிஷியோகா இறங்கினாள். வாய்க்குப் பூட்டு இல்லாதவள். தொழிற்சாலையில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

“ஹொனாமி! எந்தக் கோர்ட்டு? முன் வரிசை கிடைக்குமா?”

ஹொனாமி அவளைத் தாண்டி முராசேயிடம் ஓடினாள். “முராசே-சான், எதுக்கு வந்தீங்க?”

“உங்க முதல் சுற்றுக்குத்தான்.”

“நான் முதல் சுற்றுல இல்லையே. திங்கட்கிழமை தோத்துட்டேன். நேத்து காலைல எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேனே. கைதட்டினீங்களே!”

முராசே தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது தெரியும். ஆனா பஸ்ஸை ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே பதிவு பண்ணிட்டோம். ரத்து பண்ணணும்னா மூணு பேரோட ஒப்புதல் முத்திரை வேணும். அதுல ஒருத்தர் ஒசாகா போயிட்டாரு. அதனால, வர்றதே சுலபம்னு முடிவு பண்ணினோம்.”

“வந்து என்ன பண்ணப் போறீங்க?”

“ஆதரவு தருவோம்” என்றார் முராசே. அவர் முகத்தில் கிண்டலே இல்லை. கிண்டல் இருந்திருந்தால் ஹொனாமி தாங்கியிருப்பாள்.

காலி பெஞ்சுகளில் பதின்மூன்று பேரையும் உட்கார வைத்து, தாள், கையெழுத்து, விலகல் என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து விளக்கினாள். கேட்டு முடித்ததும் நிஷியோகா நெற்றியைச் சுருக்கினாள்.

“அப்ப, யாராவது ஒருத்திக்கு உடம்பு சரியில்லாமப் போகணும். அதுதானே?”

“அப்படிச் சொல்லக்கூடாது அக்கா.”

“சொல்லல, கேட்டுக்கறேன். இதுக்கு எப்படிக் கோஷம் போடுறது? ‘வயித்துவலி வாழ்க’ன்னா?”

“அக்கா, மெதுவா! அங்கே நிக்கிறவங்க எல்லாம் ஆட்டக்காரிங்க!”

“அந்த நெட்டைப் பொண்ணு கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல?”

பன்னிரண்டு தலைகளும் ஒரே நேரத்தில் திரும்பின. அந்த நெட்டைப் பெண் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை பேர் அக்கறையோடு தன்னைப் பார்ப்பதைக் கண்டு வணக்கம் வைத்தாள். பன்னிரண்டு பேரும் பதில் வணக்கம் வைத்தார்கள். ஹொனாமி முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாள்.

பதினொன்று ஆனது. பன்னிரண்டு ஆனது. யாரும் விலகவில்லை. எல்லோரும் அன்று வேண்டுமென்றே செய்வதுபோல ஆரோக்கியமாக இருந்தார்கள். அட்டைப்பெட்டிக்காரர்கள் குளிர்ந்த காற்றில் உட்கார்ந்து உதோன் நூடுல்ஸ் வாங்கிச் சாப்பிட்டார்கள். யாரோ ஒருத்தியின் டபுள் ஃபால்ட்டுக்கு உற்சாகமாகக் கைதட்டினார்கள். நடுவர் நாற்காலியிலிருந்து ஒருவர் திரும்பி அவர்களை முறைத்தார்.

முராசே ஹொனாமிக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். “வருத்தப்படாதீங்க. நேத்தும் இன்னிக்கும் யாரும் விலகலைன்னா அது உங்க தப்பு இல்ல. நிர்வாகக் குழுகிட்ட நான் எடுத்துச் சொல்றேன், வாய்ப்பே வரலன்னு.”

ஹொனாமி பேசாமல் இருந்திருக்கலாம். மூன்று வருடமாக அப்படித்தான் இருந்திருக்கிறாள். ஆனால் ‘வாய்ப்பே வரல’ என்ற சொல் எங்கோ போய்க் குத்தியது.

“நேத்து வந்துச்சு” என்றாள்.

“எது?”

“வாய்ப்பு. நேத்து ஒருத்தி விலகினா. அந்த இடம் எனக்குத்தான் வந்திருக்கணும். நான் கையெழுத்துப் போடல. ஒன்பது மணி வரைக்கும் உங்க போன்ல நின்னுட்டு இருந்தேன். நீங்க எல்லாரும் குதிச்சுட்டு இருந்தீங்க.”

முராசே கையில் வைத்திருந்த தேநீர்க் குவளையை மெதுவாகக் கீழே வைத்தார்.

“உடற்பயிற்சி... லேட்டாச்சே. அதுவா?”

“அதுதான். அப்புறம் உறுதிமொழி. அப்புறம் பசைப் பிரிவு.”

“ஏன் சொல்லல?”

“எங்க சொல்ல விட்டீங்க? ‘கையை மேல தூக்குறாங்க’ன்னீங்க!”

சொல்லிவிட்டாள். சொன்ன மறு கணமே வருந்தத் தொடங்கினாள். வருந்தி முடிப்பதற்குள் முராசே எழுந்து, பஸ்ஸிலிருந்து ஊர் இனிப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு, நேராக நடுவர் அறையை நோக்கி நடந்தார்.

“முராசே-சான்! எங்கே போறீங்க? முராசே-சான்!”

அவள் ஓடிப் போவதற்குள் அவர் ஒகானோவின் மேஜைக்கு முன்னால் தொண்ணூறு பாகை குனிந்திருந்தார். இனிப்புப் பெட்டி இரண்டு கையிலும் நீட்டியபடி இருந்தது.

“எங்கள் நிறுவனத்தின் கவனக்குறைவால் நேற்றைய தாளில் ஒரு பெயர் விடுபட்டுப் போச்சு. தயவுசெஞ்சு அந்தத் தாளை மறுபடி திறந்து...”

“ஐயா, அந்த ஆட்டம் நேத்தே முடிஞ்சிடுச்சு” என்றார் ஒகானோ.

“அதுல மாற்றம் ஏதாவது...”

“ஜெயிச்ச பொண்ணைக் கூப்பிட்டு, நீ ஜெயிக்கலன்னு சொல்லணுமா?”

முராசே யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். “அது சரியா வராது” என்று ஒப்புக்கொண்டார்.

“இனிப்பையும் எடுத்துக்கோங்க. நடுவருங்க வாங்கக் கூடாது.” ஒகானோ ஹொனாமியைப் பார்த்தார். “இவர் உங்க அப்பாவா?”

“இல்ல. பொது நிர்வாகம்.”

“அனுதாபங்கள்” என்றார் ஒகானோ.

அப்போதுதான் மேஜை மேல் இருந்த போன் ஒலித்தது. ஒகானோ கேட்டார், தலையாட்டினார், ஏதோ எழுதினார். போனை வைத்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“தாய்லாந்துப் பொண்ணு விலகுறா. ராத்திரியிலிருந்து காய்ச்சலாம், விடுதியை விட்டுக் கிளம்ப முடியல. ஹொனாமி-சான், மூணாம் கோர்ட்டு. எதிராளி கொரியாவோட ஹான். முன்னாடி ஆட்டம் முடிஞ்சதும், எப்படியும் ரெண்டு மணிக்குள்ள.”

முராசே நிமிர்ந்தார். “அப்ப, எங்க மன்னிப்பை ஏத்துக்கிட்டீங்களா?”

“இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை, ஐயா!”

ஆனால் பெஞ்சுகளுக்குத் திரும்பியதும் முராசே எப்படிச் சொன்னாரோ, நிஷியோகா எழுந்து நின்று, “காய்ச்சல் வந்துடுச்சா! பாவம், நல்லா இருக்கட்டும் அந்தப் பொண்ணு!” என்று கத்தினாள். பன்னிரண்டு பேரும் குழல்களைத் தட்டினார்கள். பக்கத்துக் கோர்ட்டில் ஆட்டம் நின்றது. ஹொனாமி நான்கு பக்கமும் திரும்பித் திரும்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ராக்கெட் பையை எடுத்தாள்.

ஆட்டம் ஒன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. பதாகையை வேலியில் கட்டினார்கள். ‘உறுதியான பெட்டி, உறுதியான மனம்’ என்று இருந்தது. அவளுடைய முதல் சர்வ் வலையில் விழுந்தது, குழல்கள் முழங்கின. இரண்டாவதும் வலையில் விழுந்தது, இன்னும் பலமாக முழங்கின. ஹான் கூர்மையாக, தாழ்வாக அடிப்பவள். மணல் தரையில் பந்து எழும்பவே இல்லை. முதல் செட் ஆறு-மூன்று என்று போனது. அந்த நாற்பது நிமிடமும் தன் பெயரைத் தன்னைத் தவிர எல்லோரும் கத்துவது போல ஹொனாமிக்கு இருந்தது.

இரண்டரைக்கு அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது, வேலிக்கு அப்பால் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பஸ் மூன்று மணிக்குள் ஊருக்குத் திரும்பும் வழியிலிருக்கும் பாலத்தைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநரின் வேலை நேரம் கடந்துவிடும். பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்று அவளைப் பார்த்துக் குனிந்தார்கள். பதாகையை அவிழ்த்தார்கள். நிஷியோகா வேலியில் முகத்தை வைத்து, “மீதியை நீயே பார்த்துக்க, நாங்க நம்புறோம்!” என்றாள். இருபத்தைந்து கிலோமீட்டர் பயணம் செய்து வந்து, தோற்ற செட்டை மட்டும் பார்த்துவிட்டு, அவர்கள் போனார்கள்.

முராசே மட்டும் போகவில்லை. பதாகை இல்லாத வேலிக்குப் பக்கத்தில், இனிப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கைதட்டாமல் உட்கார்ந்திருந்தார். கைதட்ட வேண்டிய இடம் எது என்று தனக்குத் தெரியவில்லை என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

சத்தம் அடங்கியதும் ஹொனாமிக்குப் பந்து காதில் விழுந்தது. தாழ்வாக வருவதைத் தாழ்வாகவே திருப்பாமல், உயரமாக, மெதுவாக, கோட்டுக்குப் பக்கத்தில் போட ஆரம்பித்தாள். பார்க்க அழகில்லாத ஆட்டம். ஹானுக்கு அது பிடிக்கவில்லை. ஒவ்வொரு பந்துக்கும் தோளுக்கு மேல் கை தூக்கி அடிக்க வேண்டியிருந்தது. இரண்டாவது செட் ஆறு-நான்கு. மூன்றாவதில் இரண்டு-பூஜ்யம். அடுத்த பந்துக்கு ஓடியபோது ஹானின் கால் மணலில் வழுக்கி மடங்கியது. மருத்துவர் வந்தார், கட்டுப் போட்டார். ஹான் எழுந்து நின்று பார்த்தாள், தலையசைத்தாள், நொண்டிக்கொண்டே வலைக்கு வந்து கையை நீட்டினாள்.

நடுவர் ஹொனாமியின் பெயரைச் சொன்னார். முதன்மைச் சுற்று. வெற்றி. மார்ச் பத்தொன்பது.

அவள் ஹானின் பையைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறை வரைக்கும் போனாள். பிறகு கோர்ட்டுக்குத் திரும்பி மணலைச் சமன் செய்தாள். வெளியே வந்தபோது முராசே வழியில் நின்றுகொண்டிருந்தார். வாழ்த்துச் சொல்வார் என்று நினைத்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து சிறிய குறிப்பேட்டை எடுத்தார்.

“ஹொனாமி-சான், ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு முழுசா ஆடலையே.”

“கால் மடங்கிடுச்சு. விலகிட்டா.”

“அதான். ஒப்பந்தத்துல ‘வெற்றி’ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு. எதிராளி விலகினா அது வெற்றியா, இல்ல எதிராளியோட விலகலான்னு நிர்வாகக் குழு கேக்கும். நான் கேக்கல. அவங்க கேப்பாங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்குக் கூட்டம்.”

ஹொனாமி ராக்கெட் பையைத் தரையில் வைத்தாள்.

“முராசே-சான். டென்னிஸ்ல இது வெற்றி. புள்ளி கிடைக்கும். தரவரிசையில ஏறும். உலகம் பூரா இது வெற்றி. உங்க கம்பெனியில மட்டும் இது என்ன?”

“ஆலோசிக்க வேண்டிய விஷயம்” என்றார் முராசே. வருத்தமாகத்தான் சொன்னார்.

“அப்ப, பத்து மணிக்கு வேணாம். சாயந்திரம் நாலு மணிக்கு வைங்க.”

“ஏன்?”

“பதினொரு மணிக்கு எனக்கு ரெண்டாம் சுற்று. ஜெயிச்சுட்டா ஆலோசிக்க ஒண்ணும் இருக்காது.” சொன்ன பிறகுதான் அது யாருக்கு எதிரான ஆட்டம் என்பது நினைவுக்கு வந்தது. மிச்சிருவுடன் இதுவரை ஆறு முறை ஆடியிருக்கிறாள், இரண்டு முறை ஜெயித்திருக்கிறாள். ஆனாலும் வாயை விட்டாயிற்று. “இன்னொண்ணு. நாளைக்கு எட்டு அம்பதுக்கு நான் பேச மாட்டேன்.”

“ஆனா எல்லாரும் எதிர்பார்த்து...”

“பேச மாட்டேன். வாக்கியம் முடிஞ்சிடுச்சு.”

முராசே பேனாவைத் திறந்தார். பிறகு எழுதினார். அவள் எட்டிப் பார்த்தாள். ‘போன் இல்லை. கூட்டம் 4 மணி (3 முத்திரை தேவை)’ என்று இருந்தது.

“ஒசாகாவுல இருக்கறவர்?” என்றாள்.

“இன்னிக்கே ரயில் ஏறிப் போய் வாங்கிட்டு வரேன்” என்றார் முராசே. இனிப்புப் பெட்டியை அவள் பையின் மேல் வைத்துவிட்டு, நிலையத்தை நோக்கி வேகமாக நடந்தார்.

விடுதியில் மிச்சிரு கட்டிலில் கால் நீட்டிக் கிடந்தாள். பெட்டியைப் பார்த்ததும் எழுந்து பிரித்தாள்.

“ஜெயிச்சுட்டியாமே. வாழ்த்து. நாளைக்கு நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், தெரியும்ல?”

“விட்டுக்கொடுத்தா அதையும் ஆலோசிப்பாங்க.”

“யாரு?”

“விடு. பெரிய கதை.”

“உன் நிலைமைதான் இந்த ஊருக்கே தெரியுமே. ஆனா எனக்கும் புள்ளி வேணும்டி” என்றாள் மிச்சிரு, இனிப்பை மென்றுகொண்டே. “கோபமில்லையே?”

“இல்ல. நீ விட்டுக்கொடுத்தாத்தான் கோபம் வரும்.”

மிச்சிரு பெட்டியில் இன்னொரு இனிப்பைத் தேடினாள். ஹொனாமி மேஜை விளக்கைப் போட்டு, நோட்டை எடுத்து, முதுகை அவளுக்குத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

மார்ச் 19, புதன்கிழமை.

முதல் சுற்று: 3–6, 6–4, 2–0. எதிராளி விலகல். வெற்றி.

இன்றைய தவறுகள்: முதல் செட்டில் தாழ்ந்த பந்தை நாற்பது நிமிடம் தாழ்வாகவே திருப்பினேன். முராசே-சானிடம் குரலை உயர்த்தினேன். இரண்டாவதாக எழுதியது தவறுதானா என்று உறுதியாகத் தெரியவில்லை.

நாளை: ஏழரைக்கு நான்காம் கோர்ட்டில் சர்வ் மட்டும், ஐம்பது. ஒன்பதரைக்கு முழங்கால் கட்டு. பதினொரு மணிக்கு இரண்டாம் கோர்ட்டில் மிச்சிரு. அவளுடைய பேக்ஹேண்டுக்கு உயரமாகப் போட வேண்டும், வலைக்கு வர விடக்கூடாது.